மூளையும் நரம்பும் இல்லாத செடி பூச்சியை எப்படி பிடிக்குது?

பூச்சி தின்னுற செடிங்க பூச்சியை எப்படி வரவழைக்குது, வந்ததை எப்படி பிடிக்குது, மூளை நரம்பு எதுவுமே இல்லாம பூச்சி வந்து உக்காந்துருக்குன்னு அதுக்கு எப்படி தெரியுதுன்னு கேட்டிருக்கீங்க. மூணும் வேற வேற கேள்வி மாதிரி இருந்தாலும் மூணுக்கும் அடியில ஒரே விஷயம்தான் ஓடுது. இந்தச் செடிங்க எல்லாமே சரியான கஞ்சப்பிசினாறிங்க. பொறின்னு ஒண்ணு செய்யறதுக்கும், அதை மூடறதுக்கும், உள்ள என்சைம் ஊத்தறதுக்கும் செடிக்கு ஏகப்பட்ட செலவு ஆகுது, அந்தச் செலவு வீணாகக்கூடாதுங்கறதுக்காக ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு செக்கிங் வச்சிருக்கு. இதைப் பிடிச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும்.

முதல்ல ஒரு தப்பான நெனப்பைத் தள்ளி வச்சிடலாம். பூச்சி இதுக்குச் சாப்பாடு கிடையாது. சாப்பாடு மத்த செடி மாதிரியே வெயில்ல இருந்தும் காத்துல இருந்தும்தான் வருது, இலை பச்சையாத்தானே இருக்கு. பூச்சியில இருந்து எடுக்கறது நைட்ரஜன், பாஸ்பரஸ் மாதிரி சத்துங்க, அதாவது உரம். சதுப்பு நிலம், வெறும் மணல், மழை அடிச்சு சத்தெல்லாம் கழுவிட்டுப் போன பாறை, இந்த மாதிரி இடத்துல வேருக்கு ஒண்ணும் கிடைக்காது, அதனால இலையை வச்சு உரம் தேடுது. ஆனா பொறியா மாறின இலை ஒளிச்சேர்க்கையில ரொம்ப சுமார். 1984ல தாமஸ் கிவ்னிஷ்ங்கறவரும் கூட இருந்தவங்களும் இதையே ஒரு வரவு செலவு கணக்கா போட்டுக் காட்டினாங்க: வெயிலும் தண்ணியும் தாராளமா இருந்து, சத்து மட்டும் இல்லாத இடத்துலதான் இந்த வியாபாரம் கட்டுப்படியாகும். உலகத்துல எங்க போய்த் தேடினாலும் இந்தச் செடிங்க பெரும்பாலும் அந்த மாதிரி இடத்துலதான் மாட்டுது.

பூச்சி தின்னா செடிக்கு நிஜமாவே லாபமான்னு ரொம்ப நாள் சந்தேகம் இருந்துச்சு. சார்லஸ் டார்வின் 1875ல இந்தச் செடிங்களைப் பத்தி ஒரு முழு புத்தகமே போட்டாரு, ஆனா இந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் கொடுத்தது அவர் பையன் பிரான்சிஸ் டார்வின். 1878ல ட்ரோசெராங்கற ஒட்டுப்பசைச் செடிங்களை ரெண்டு பாகமா பிரிச்சு, ஒரு பாகத்துக்கு வறுத்த இறைச்சித் துணுக்கு போட்டு வளர்த்தாரு, இன்னொண்ணைப் பட்டினி போட்டாரு. இறைச்சி தின்ன பக்கம் விதை ரொம்பவே அதிகமா வந்துச்சு. வறுத்த இறைச்சி தின்னுற செடின்னு நெனச்சா சிரிப்பு வரும், ஆனா பரிசோதனை கச்சிதமான பரிசோதனை.

சரி, வரவழைக்கற விஷயத்துக்கு வருவோம். சிவப்பு கலரைப் பார்த்து பூச்சி மயங்கி வருதுன்னு எல்லா வீடியோலயும் சொல்லுவாங்க. நான் அவ்ளோ நம்ப மாட்டேன், ஏன்னா நிறைய பூச்சிக்கு சிவப்பு சரியா தெரியவே தெரியாது. 2009ல சாரசினியாங்கற அமெரிக்க குடுவைச் செடியை வச்சு இதை நேரடியாவே டெஸ்ட் பண்ணாங்க. போலி குடுவை செஞ்சு, சிலதுக்கு சிவப்பு, சிலதுக்கு பச்சை, சிலதுல மட்டும் இனிப்பு தடவிப் பார்த்தா, இனிப்பு இருந்த இடத்துக்குத்தான் பூச்சி வந்துச்சு, சிவப்பால பெருசா ஒண்ணும் ஆகல. ஆக முக்கியமான தூண்டில் தேன்தான். பூவுல வராம இலையில சுரக்கற தேன். அதுவும் கண்ட இடத்துல சுரக்காது, எந்த இடத்துல நின்னா பூச்சி வழுக்கி விழுமோ, எந்த இடத்துல நடந்தா பொறியைத் தூண்டற முடியில கால் படுமோ, அங்கதான் அதிகமா சுரக்கும். வாசனையும் உண்டு, இலையைப் படக்குனு மூடிப் பூச்சி பிடிக்கற வீனஸ் ஃப்ளைட்ராப் விடற வாசனையை அலசிப் பார்த்தப்ப பூவுலயும் பழத்துலயும் இருக்கற ஆவிப்பொருள்ங்களா கிடைச்சுது, பழ ஈக்கு இது போதும். நெப்பந்தஸ்ங்கற ஆசியா பக்கத்து குடுவைச் செடியோட வாய் விளிம்பு புற ஊதா ஒளியில நீலமா ஒளிருதுன்னு 2013ல கண்டுபிடிச்சாங்க, அந்த விளிம்பை ஒளிராதபடி மறைச்சு விட்டா பிடிபடற எறும்பு குறைஞ்சுபோச்சு. நமக்குத் தெரியற கலர் வேற, பூச்சிக்குத் தெரியற கலர் வேற, அதை மறந்துட்டு நாம நம்ம கண்ணை வச்சே கதை கட்டிட்டு இருக்கோம்.

பிடிக்கற வித்தையில எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்த நெப்பந்தஸ்தான். பேர் என்னவோ வீனஸ் ஃப்ளைட்ராப்புக்கு, ஆனா மூளைக்காரன் இவன். இலையோட நுனி கொடி மாதிரி நீண்டு, அதோட கடைசியில ஒரு குடுவை தொங்கும், மேல ஒரு மூடி. இந்த மூடி பூச்சி விழுந்ததும் டப்புனு மூடிக்கும்னு பள்ளிக்கூட காலத்துல இருந்தே நிறைய பேர் நம்பிட்டு இருக்காங்க, அது மூடவே மூடாது. ஒரு தடவை திறந்துச்சுன்னா திறந்ததுதான். மழைத்தண்ணி உள்ள போய் ஜூஸ் நீர்த்துப்போகாம இருக்கற குடை அது, அவ்ளோதான். இந்தப் பொறியில அசையற பாகம்னே எதுவும் இல்ல, எல்லாமே வழுக்கல்தான்.

அந்த விளிம்பை லென்ஸ் வச்சு கிட்டப் பார்த்தா நுணுக்கமா வரி வரியா இருக்கும், வரிக்குள்ள இன்னும் சின்ன வரி. இந்த அமைப்பால தண்ணி பட்டா முத்து முத்தா திரண்டு நிக்காம மெல்லிசா ஒரு படலமா பரவிடும். எறும்போட பாதத்துல எண்ணெய்ப்பசை மாதிரி ஒண்ணு இருக்கும், அதை வச்சுத்தான் செங்குத்தா சுவர் ஏறுது, அந்தப் பசைக்கும் விளிம்புக்கும் நடுவுல தண்ணிப் படலம் வந்துட்டா பிடிப்பு காலி, சறுக்கிக்கிட்டு உள்ள போயிடும். 2004ல இதை அளந்து காட்டினாங்க. ஆனா விளிம்பு காய்ஞ்சிருக்கறப்ப எறும்பு ஜாலியா நடந்து தேன் குடிச்சிட்டுப் போகும், ஒண்ணும் ஆகாது. பகல்ல பாதி நேரம் பொறி வேலையே செய்யாதுன்னா இது என்ன டிசைன்னு தோணும் இல்ல?

அங்கதான் விஷயமே. எறும்புக் கூட்டத்துல முதல்ல வர்றது உளவு பார்க்கற எறும்பு. அது தேனைக் குடிச்சிட்டு உயிரோட திரும்பிப் போனாத்தான் மத்ததைக் கூட்டிட்டு வரும். வந்த ஒவ்வொண்ணையும் உடனே பிடிச்சிட்டா ஒத்தை எறும்போட கதை முடிஞ்சுது. விட்டுட்டா, கொஞ்ச நேரம் கழிச்சு மொத்தக் கூட்டமும் விளிம்புல நிக்கும், அந்த நேரத்துல மழை தூறினாலோ ஈரப்பதம் ஏறினாலோ ஒரே நேரத்துல மொத்தமா உள்ள. 2015ல உல்ரிக்கே பாவரும் அவங்க டீமும் சில குடுவையோட விளிம்பை செயற்கையா எப்பவும் ஈரமா வச்சு ஒப்பிட்டுப் பார்த்தாங்க, விட்டு விட்டு வழுக்கற இயற்கையான குடுவையில எறும்பு கூட்டம் கூட்டமா விழுந்துச்சு, எப்பவும் ஈரமா வச்சதுல அப்படி மொத்தமா விழறது இல்ல. செடி யோசிச்சு பண்ணுதுன்னு நான் சொல்ல வரல, அப்படி அமைஞ்ச செடி பொழைச்சு விதை போட்டுச்சு, அவ்ளோதான். ஆனா பார்க்கறப்ப யோசிச்ச மாதிரியேதான் இருக்கு.

உள்ள விழுந்தப்புறம் மேல ஏற முடியாது, நிறைய வகையில உட்சுவர்ல மெழுகுத்தூள் இருக்கும், கால் வச்சா துகளா உதிர்ந்து வந்துடும். கீழ இருக்கற திரவமும் சாதா தண்ணி இல்ல. சில வகையில அது வழவழன்னு இழுபடற ஜவ்வு, பூச்சி இறக்கையை அடிக்க அடிக்க இன்னும் கெட்டியா பிடிச்சுக்கும், அடிக்காம இருந்தா மூழ்கும், எப்படிப் பார்த்தாலும் ஒரே முடிவுதான். நெப்பந்தஸ் கிராசிலிஸ்னு ஒண்ணு இருக்கு, அதோட மூடியோட அடிப்பக்கத்துல தேன், எறும்பு தலைகீழா தொங்கிட்டு குடிச்சிட்டு இருக்கறப்ப மேல ஒரு மழைத்துளி விழுந்தா மூடி படக்குனு அதிர்ந்து எறும்பை நேரா குடுவைக்குள்ள உதறிடும். மழையோட வேகத்தை இரவல் வாங்கி வேட்டை.

இப்ப எல்லாரும் கேக்கற வீனஸ் ஃப்ளைட்ராப். இது உலகத்துலயே அமெரிக்காவோட வடக்கு கரோலினா, தெற்கு கரோலினா கடலோரத்துல ஒரு சின்ன பகுதியிலதான் இயற்கையா வளருது. அங்க இருந்து திருடி விக்கற கும்பல் தொல்லை தாங்காம வடக்கு கரோலினாவுல 2014ல இதைத் திருடறதை ஜெயில் வரைக்கும் போற குற்றமாவே ஆக்கிட்டாங்க.

இதோட பொறிக்கு ரெண்டு மடல், ஒவ்வொரு மடல்லயும் பொதுவா மூணு மெல்லிசான முடி. பூச்சி ஒரு முடியைத் தொட்டுச்சுன்னா அடியில ஒரு மின் சிக்னல் கிளம்பி மடல் பூரா பரவும். செடியில மின்சாரமான்னு ஆச்சரியப்படாதீங்க, பர்டன் சாண்டர்சன்ங்கற ஆள் 1873லயே இதை அளந்துட்டாரு. ஆனா ஒரு சிக்னலுக்குப் பொறி மூடாது. ஒரு மழைத்துளியோ காத்துல வந்த குப்பையோ ஒரு தடவைதான் தட்டும். ஏறக்குறைய 20 நொடிக்குள்ள ரெண்டாவது தடவை தட்டினா அது உயிரோட நடமாடற ஒண்ணு, அப்பத்தான் மூடும். முதல் தட்டலை எப்படி ஞாபகம் வச்சுக்குதுன்னா, கால்சியம். தட்டினதும் செல்லுக்குள்ள கால்சியம் ஏறும், அப்புறம் மெதுவா இறங்கும், அது முழுசா இறங்கறதுக்குள்ள ரெண்டாவது தட்டல் வந்தா ரெண்டும் சேர்ந்து ஒரு வரம்பைத் தாண்டிடும். ஜப்பான்ல ஒரு குழு கால்சியம் பட்டா ஒளிர்ற புரதத்தைச் செடிக்குள்ள வச்சு 2020ல இதைக் கண்ணால பார்க்கற மாதிரியே படம் பிடிச்சுக் காட்டினாங்க. மூளை இல்லாம எப்படின்னு கேட்டீங்களே, இதான் பதில், ஏறி இறங்கற கால்சியம் அளவு. ஈத்தர் மயக்க மருந்து ஆவியில வச்சா இந்தச் செடியும் மயங்கிடும், எவ்ளோ தட்டினாலும் மூடாது, வெளிய எடுத்து வச்சா பழையபடி ஆயிடும்.

மூடற வேகம் ஒரு நொடியில பத்துல ஒரு பங்கு. தசை கிடையாது, அப்புறம் எப்படி இந்த வேகம்? திறந்திருக்கற மடல் வெளிப்பக்கமா வளைஞ்சு, இழுத்துக் கட்டின மாதிரி விறைப்பா நிக்குது. சிக்னல் வந்ததும் செல்லுங்களோட அழுத்தம் மாறி வளைவு கொஞ்சமா மாறும், ஒரு கட்டத்துக்கு மேல அந்த வடிவத்துல நிக்க முடியாம படக்குனு எதிர்ப்பக்கம் புரண்டுடும். சக்தி முன்னாடியே சேமிச்சு வச்சதுங்கறதால வேகம் வருது, இந்தப் புரட்டலை 2005ல கணக்கோட விளக்கினாங்க.

மூடிருச்சு, ஆனா இன்னும் செலவு பண்ண ஆரம்பிக்கல பாருங்க. முதல்ல விளிம்புல இருக்கற பல்லுங்க மட்டும் கோத்துக்கும், நடுவுல இடுக்கு இருக்கும். பொடிப்பூச்சி அந்த இடுக்குல தப்பிச்சுப் போயிடலாம், போகட்டும், அதைச் செரிக்கற செலவுக்கு வரவு பத்தாது. உள்ள ஒண்ணுமில்லன்னா ஒரு நாள் வாக்குல மறுபடி திறந்துக்கும். பெரிய பூச்சியா இருந்து உள்ள துடிச்சுச்சுன்னா முடியில தொடர்ந்து படும், அந்தத் தட்டல் ஒவ்வொண்ணும் எண்ணிக்கையில சேரும், அஞ்சு தடவைக்கு மேல போனாத்தான் செரிக்கற என்சைம் வேலையைச் சீரியஸா ஆரம்பிக்கும்னு ஜெர்மனியில ரைனர் ஹெட்ரிச் குழு 2016ல காட்டினாங்க. தட்டல் கூடக்கூட என்சைமும் கூடும், அதாவது பூச்சி எவ்ளோ துடிக்குதோ அவ்ளோ பில்லு. அப்புறம் மடல் இறுக்கமா ஒட்டி, வயிறு மாதிரி அமிலம் சுரந்து, ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு திறந்தா வெறும் கூடுதான் இருக்கும். ஒரு பொறி இப்படி சில தடவைதான் வேலை செய்யும், அப்புறம் கருத்து உதிர்ந்துடும். அதனால தயவுசெஞ்சு விரலை விட்டு விளையாடாதீங்க, வளர்க்கறவங்க வீட்டுக்குப் போனா எல்லாருக்கும் முதல்ல அதுதான் கை அரிக்கும். செடிக்கு ஒவ்வொரு வெத்து மூடலும் நஷ்டம்.

இன்னொரு சின்ன விஷயம், மகரந்தச் சேர்க்கைக்கு வர்ற பூச்சியையே தின்னுட்டா என்ன பண்றது? பூவை நல்ல உயரமான தண்டுல தூக்கி வச்சிருக்கும், பொறி தரையோட தரையா. 2018ல வந்த ஆய்வுல பூவுக்கு வந்த முக்கியமான தேனீ, வண்டு வகைங்க பொறியில கிட்டத்தட்ட மாட்டவே இல்ல. பறந்து வர்றது மேல, நடந்து வர்றது கீழ.

ட்ரோசெரா, அதாவது பனித்துளி மாதிரி ஒட்டுப்பசை வச்சிருக்கற செடி, இது வேற ரகம். இலை பூரா சிவப்பு முடி, ஒவ்வொரு முடி நுனியிலயும் ஒரு சொட்டு பசை, வெயில் பட்டா தகதகன்னு மின்னும். கொசு மாதிரி ஒண்ணு உக்காந்தா ஒரு கால் ஒட்டும், அதை எடுக்க இன்னொரு காலை ஊணும், அதுவும் ஒட்டும், பசை நூலா இழுபடும், துடிக்கத் துடிக்க பசை உடம்பு பூரா அப்பி மூச்சு விடற ஓட்டையெல்லாம் அடைச்சு அதுலயே செத்துடும். பக்கத்து முடிங்க சில நிமிஷத்துல இருந்து சில மணி நேரத்துக்குள்ள மெதுவா வளைஞ்சு வந்து மேல கவியும், சில வகையில இலையே சுருண்டு பூச்சியைச் சுத்திக்கும். டார்வின் இதுமேல பைத்தியமா இருந்தாரு, பால், முட்டை வெள்ளைக்கரு, இறைச்சிச் சாறு, சிறுநீர்னு கையில கிடைச்சதையெல்லாம் சொட்டு விட்டுப் பார்த்தாரு. நைட்ரஜன் இருக்கறதுக்கு முடி வளைஞ்சுது, சர்க்கரைத் தண்ணி, கோந்து, டீக்கெல்லாம் கண்டுக்கல. மழைத்துளிக்கும் அசையல. அதே செக்கிங்தான், தொடற எண்ணிக்கைக்குப் பதிலா இங்க ருசி. ஆஸ்திரேலியாவுல ட்ரோசெரா கிளாண்டுலிஜெரான்னு ஒண்ணு பொறுமையே இல்லாதது, ஓரத்து முடியால பூச்சியைத் தூக்கி நடு இலையில எறியும், நொடியில பத்துல ஒரு பங்குகூட ஆகாது.

வேகத்துல எல்லாரையும் அடிச்சுத் தள்றது யூட்ரிகுலேரியாதான், யாரும் கண்டுக்கறதில்ல பாவம், ஏன்னா பொறி சில மில்லிமீட்டர்கூட இருக்காது, நிறைய வகையில தண்ணிக்கடியிலயோ ஈர மண்ணுலயோ இருக்கும். சின்ன பை, ஒரு கதவு. பைக்குள்ள இருக்கற தண்ணியைச் செடி வெளிய பம்ப் பண்ணிட்டே இருக்கும், உள்ள அழுத்தம் குறைஞ்சு பையோட சுவர் உள்வாங்கி நிக்கும். வாசல் முடியில தண்ணிப்பூச்சி மோதினா கதவு உள்பக்கமா மடிஞ்சு, தண்ணியோட பூச்சியும் உறிஞ்சப்படும், ஆயிரத்துல ஒரு நொடிக்கும் குறைவா முடிஞ்சுடும்னு 2011ல அளந்தாங்க. இவ்ளோ நாள் மனுஷன் இதைச் சரியா புரிஞ்சுக்காததுக்கு அந்த வேகமும் ஒரு காரணம், ஹைஸ்பீடு கேமரா இல்லாம என்னத்தைப் பார்க்கறது. இதோட சொந்தக்கார செடி ஜென்லிசியா மண்ணுக்கடியில முறுக்கின குழாய் மாதிரி இலையை விட்டு, உள்ள மட்டும் போகவிடற முடிங்களை வச்சு, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிங்களைப் பிடிக்குது. டார்வின் சந்தேகப்பட்டது, உறுதியானது 1998லதான்.

இதெல்லாம் எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா, புதுசா ஒண்ணும் வரல. பூஞ்சை, பூச்சி தாக்கினா எதிர்க்கறதுக்கு சாதாரண செடியிலயே கைட்டினேஸ்னு ஒரு என்சைம் உண்டு, பூஞ்சையோட சுவரை உடைக்கும். பூச்சியோட ஓடும் அதே கைட்டின்தான். புழு இலையைக் கடிச்சா செடிக்குள்ள ஜாஸ்மோனேட்னு ஒரு ஹார்மோன் ஏறும், ஃப்ளைட்ராப்ல செரிமானத்தை ஆரம்பிச்சு வைக்கறதும் அதே ஹார்மோன். தற்காப்புக்கு வச்சிருந்த ஆயுதத்தையே திருப்பி வேட்டைக்கு எடுத்துக்கிச்சு. ஆசியா பக்கத்து நெப்பந்தஸ், ஆஸ்திரேலியாவோட செபாலோட்டஸ், அமெரிக்காவோட சாரசினியா மூணும் ஒண்ணுக்கொண்ணு நெருங்கின சொந்தமே இல்ல, தனித்தனியா குடுவைக்கு வந்ததுங்க, ஆனா மூணுலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி பழைய புரதங்களையே எடுத்து மாத்தி வச்சிருக்குன்னு 2017ல மரபணு பார்த்தவங்க சொன்னாங்க.

பூச்சியை விட சுலபமா நைட்ரஜன் கிடைச்சா இதுங்க பூச்சியை விட்டுடவும் தயார். போர்னியோவுல நெப்பந்தஸ் லோவிங்கற வகை, மர மூஞ்சூறு வந்து மூடியில இருக்கறதை நக்கிட்டு குடுவைக்குள்ளயே கழிவு போயிட்டுப் போற மாதிரி வடிவத்தை வச்சிருக்கு, அந்தக் கழிவுதான் அதுக்கு உரம். அதே தீவுல நெப்பந்தஸ் ஹெம்ஸ்லேயானா, வௌவாலோட ஒலி அலை நல்லா எதிரொலிக்கற மாதிரி பின்சுவரை வச்சு வௌவாலைப் பகல் தூக்கத்துக்கு உள்ள கூப்பிடுது, வாடகை அதே கழிவு. தென்னாப்பிரிக்காவோட ரோரிடுலா பிசின்ல பூச்சியை ஒட்ட வச்சு பிடிக்கும், ஆனா செரிக்கத் தெரியாது, அதுமேலயே ஒட்டாம வாழற ஒரு வகைப் பூச்சி வந்து அதைத் தின்னு இலை மேல எச்சம் போடும், செடி அதை உறிஞ்சிக்கும்.

கடைசியா, வளர்க்கலாம்னு யோசிக்கறவங்க நிறைய பேர் இருப்பீங்க, செடி பாவம் பூச்சி கிடைக்காம வாடுதுன்னு உரம் போடறதுதான் பொதுவா பண்ற தப்பு. அதிக உரத்துல வேர் கருகறது ஒரு பக்கம், இன்னொரு பக்கம் பொறியே நின்னுடும். சாரசினியா பர்பூரியாவுக்கு நைட்ரஜனைத் தாராளமா கொடுத்துப் பார்த்தாங்க, 2002ல வந்த முடிவு, செடி குடுவை செய்யறதைக் குறைச்சுக்கிட்டு தட்டையான சாதா இலையா விட ஆரம்பிச்சுது. அதனால மழைத்தண்ணி, நல்ல வெயில், சத்தே இல்லாத மண்ணு, இது மூணும் போதும், பூச்சியை அது பார்த்துக்கும்.